தாய் பெயர்: கன்னியம்மா

கனடாவிலிருந்து வந்த கடிதத்தை காயத்ரி ஆறு தடவை படித்தாள். பி.எஸ்ஸி. முடித்தவள்தான், இங்கிலீஷைக் கண்டு மிரளுகிற ஆள் இல்லை. ஆனாலும் அந்தக் கடிதம் ஒவ்வொரு தடவைக்கும் ஒவ்வொன்று சொன்னது. முதல் தடவை படித்தபோது குழந்தைக்கு விசா கிடையாது என்று சொன்ன மாதிரி இருந்தது. இரண்டாவது தடவை, கிடைக்கும், கொஞ்சம் பொறு என்ற மாதிரி இருந்தது. ஐந்தாவது தடவையில்தான், இந்தக் குழந்தை யாருடையது என்று கேட்கிறார்கள் என்பது மண்டையில் ஏறியது. ஆறாவது தடவை படித்தது, அது பொய்யாக இருக்காதா என்ற நப்பாசையில்.

பொய்யில்லை. அவர்கள் கேட்டதில் தப்பும் இல்லை. காயத்ரியின் புருஷன் ஜெகன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு உருக்காலையில் ஃபிட்டராக இருந்தவன். மூன்றரை வருடத்துக்கு முன்னால் கனடாவுக்குப் போனான். போகும்போது ஆறு மாதத்தில் உங்களையும் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றான். அந்த ஆறு மாதம்தான் இழுத்து இழுத்து மூன்றரை வருடம் ஆகியிருந்தது. இப்போதுதான் அங்கேயே தங்குகிற அனுமதி கிடைத்து, பெண்டாட்டிக்கும் பிள்ளைக்கும் மனுப் போட்டிருந்தான். பெண்டாட்டி காகிதமெல்லாம் சுத்தம். மகள் தேஜஸ்வினியின் காகிதத்தில்தான் வில்லங்கம். பள்ளிச் சான்றிதழைக் காட்டி எடுத்த பாஸ்போர்ட்டில் தாய் பெயர் காயத்ரி. பிறப்புச் சான்றிதழில் தாய் பெயர் கன்னியம்மா.

யார் இந்தக் கன்னியம்மா? அவர்தான் தாய் என்றால், குழந்தை நாட்டை விட்டு நிரந்தரமாகப் போவதற்குச் சம்மதம் என்று அவர் எழுதித் தரவேண்டும். பதிவு தவறு என்றால், திருத்திய சான்றிதழ் வேண்டும். முப்பது நாள் அவகாசம். கடிதம் இவ்வளவுதான். எழுதியவருக்குக் கன்னியம்மா யாரென்று சொல்லிப் புரியவைப்பதற்கு முப்பது வருடம் போதாது.

இந்தப் பக்கத்தில் பிள்ளை தங்காத வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பெற்றதெல்லாம் உயிரோடு இருக்கிற ஒருத்தியாகப் பார்த்து, பிறந்த பிள்ளையை ஒரு முறம் தவிட்டுக்கு அவளிடம் விற்றுவிடுவார்கள். விற்றபிறகு அது இந்த வீட்டுப் பிள்ளை இல்லை. இந்த வீட்டைத் தேடி வருகிற சாவு வெறுங்கையோடு திரும்பிப் போய்விடும். வாங்கியவளுடைய பிள்ளையைத்தான் பெற்றவள் வளர்க்கிறாள் என்று பேர். காயத்ரிக்கு முதல் பிள்ளை மூன்று நாள் இருந்தது. இரண்டாவது ஏழு நாள். மூன்றாவது பிறந்தது மழைக்காலத்தில், ஆரணி ஆற்று வெள்ளம் ரோட்டை அறுத்துக்கொண்டு போன அன்றைக்கு, வீட்டிலேயே. பொழுது விடிந்ததும் மாமனார் பரசுராமன் முழங்கால் தண்ணீரில் காலனிக்கு நடந்துபோய், அவர்கள் வயலில் நாற்று நட வருகிற கன்னியம்மாவைக் கூட்டிவந்தார். அவளுக்கு நாலு பிள்ளைகள், நாலும் உயிரோடு இருந்தன. அவள் ஒரு முறம் தவிட்டை வாசலில் வைத்துவிட்டுப் பிள்ளையை வாங்கி, முந்தானைக்குள் போர்த்திக்கொண்டு, காலனிக்குக் கொண்டுபோய் ஒரு பகல் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தாள்.

மற்ற வீடுகளில் இதோடு முடிந்துவிடும். ஆனால் பரசுராமன் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. வரப்பு கட்டினாலும் கயிறு பிடித்துத்தான் கட்டுவார். பிறப்பைப் பதியப் போன இடத்தில் தாய் பெயர் கன்னியம்மா என்று சொல்லிவிட்டு வந்தார். எழுதியவர் காதில் விழுந்ததை எழுதினார். வீட்டில் ஜெகன் சத்தம் போட்டதற்கு, "மேல கீறவன் ஊடு ஊடா வந்து விசாரிப்பானா? ரெஜிஸ்டரத்தான்டா பாப்பான்" என்று வாயை அடைத்துவிட்டார். இன்னொரு சட்டமும் போட்டார். பன்னிரண்டு வயது முடிகிறவரைக்கும் பிள்ளை காயத்ரியை அம்மா என்று கூப்பிடக்கூடாது. அக்கா என்றுதான் கூப்பிடவேண்டும்.

பிள்ளை தங்கிவிட்டது. தங்கிவிட்ட பிறகு யார் வாயைத் திறப்பது? பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்குப் போனால், "அம்மா வரலையா, அக்காவ அனுப்பிட்டாங்களா?" என்று டீச்சர் கேட்பாள். காயத்ரி சிரித்துவிட்டு வருவாள். சிரிப்பது பழகிவிட்டது. ஆனால் தேஜு அண்டை வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடும்போது, அந்தப் பிள்ளைகள் தங்கள் அம்மாவைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டால் இவள் கைவேலை நின்றுபோகும். அது மட்டும் பழகவே இல்லை.

கடிதம் வந்த மறுநாள் காலை ஏழு மணிக்கு ஜெகன் வீடியோவில் வந்தான். அங்கே அப்போது சாயங்காலம். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"இங்க ஒரு வக்கீலம்மாகிட்ட கேட்டுட்டேன். உள்ளது உள்ளபடி சொல்லி சர்டிபிகேட்ட திருத்திடு. டி.என்.ஏ. டெஸ்ட்டு கிஸ்ட்டு எடுக்கணும்னா அவங்களே சொல்வாங்களாம். பொய் மட்டும் வேணாம் காயத்ரி. மாட்னா அஞ்சு வருசத்துக்கு யாரும் உள்ள வரமுடியாது."

"திருத்தறதுன்னா எம்பேர போடணும்."

"ஆமா. உன் பேருதான்."

"எம்பேர போட்டா..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். இரண்டு பிள்ளைகளையும் கையில் வாங்கிக்கொண்டுபோய்ப் புதைத்தவன் அவன். அப்புறம் அவன், "சாப்டியா?" என்று கேட்டான்.

முப்பது நாள் போதாதென்று ஜெகன் எழுதிக் கேட்டு, இன்னொரு முப்பது நாள் வாங்கினான். காயத்ரி விசாரிக்கக் கிளம்பினாள். விசாரிக்க விசாரிக்கத்தான் குழப்பம் கூடியது. கும்மிடிப்பூண்டி பஜாரில் செல்போன் கடைக்கு மேல்மாடியில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஆபீஸ் வைத்திருந்த அன்புசெல்வன், கடிதத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேஜையில் போட்டான்.

"இது ஒரு மேட்டரே இல்ல மேடம். கன்னியம்மா வந்து சாரோட மொத சம்சாரம். டைவர்ஸ் ஆயிட்ச்சி. கொழந்தை அவங்களுது. சம்மதம்னு ஒரு கையெழுத்து, முடிஞ்சிச்சி."

"அவங்களுக்கு அம்பத்திரண்டு வயசு சார். எங்க வீட்டுக்காரருக்கு முப்பத்தொம்பது."

"வயச பாத்தா மேடம் கல்யாணம் பண்றாங்க இந்தக் காலத்துல?"

காயத்ரிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எது முதலில் வந்ததென்று தெரியவில்லை. அது வேண்டாமென்றதும் அவன் இன்னொரு வழி சொன்னான். பிள்ளையை இப்போதைக்கு இங்கேயே விட்டுவிட்டு நீங்கள் முதலில் போய்விடுங்கள், அப்புறமாகக் கூப்பிட்டுக்கொள்ளலாம். அப்புறமாக என்ற சொல்லை மூன்றரை வருடமாகக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவள் அவள். பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள்.

மாமனாரிடம் கேட்டாள். அவர் கழனிக்கட்டில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தவர், மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "வர்ற ஐப்பசியோட பன்னெண்டு முடியுது. இன்னும் எட்டே எட்டு மாசம். அதுவரைக்கும் பொறுத்துக்கச் சொல்லும்மா அந்த கனடாவ" என்றார்.

"அவங்க பொறுக்கமாட்டாங்க மாமா. தேதி குடுத்துக்கீறாங்க."

"அவுங்க தேதி முக்கியமா, புள்ள உசுரு முக்கியமா?"

வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போதுதான் வேறொரு யோசனை வந்தது. பிள்ளை இங்கேயே இருந்தால் இவருக்குக் கசக்கவா போகிறது? பெண்டாட்டி செத்துப் பத்து வருடமாக, பேத்தியே கதியென்று இருக்கிற மனுஷன். சாவுக்குப் பயப்படுகிறாரா, பிரிவுக்குப் பயப்படுகிறாரா? அவரையே கேட்டாலும் அவருக்கும் தெரியாது என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் அவர்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தாலாவது கொஞ்சம் தெளிவாக இருந்திருக்கும்.

கோபமெல்லாம் அவள்மேலேயே திரும்பியது. பிஸிக்ஸ் படித்தவளுக்கு ரெஜிஸ்டரில் எழுதின பேருக்கும் பிள்ளை மூச்சுக்கும் சம்பந்தம் இல்லையென்று தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தும், 'காயத்ரி' என்று அந்த இடத்தில் எழுதியிருப்பதாக நினைத்துப் பார்க்கக்கூடத் துணியவில்லை. முதல் இரண்டு பிள்ளைகளுக்கும் அந்த இடத்தில் அவள் பெயர்தானே இருந்தது. அவள் வேலை பார்த்த கம்பெனியில் செக்கிங் மேஜை அவளுடையது. கார்களுக்குப் போகிற ரப்பர் வளையங்களில் பழுதானதைச் சிவப்புத் தட்டிலும் நல்லதைப் பச்சைத் தட்டிலும் போடவேண்டும். அந்த வாரத்தில் ஒருநாள் முக்கால் மணி நேரம் எல்லாவற்றையும் மாற்றிப் போட்டிருந்தாள். சூப்பர்வைசர் வந்து, "இன்னா காயத்ரி, ஆறு வருசத்துல ஒருநாளும் இப்டி பண்ணதில்லியே" என்றபோது, மன்னிப்புக் கேட்கவும் தோன்றாமல் இரண்டு தட்டையும் மாறிமாறிப் பார்த்தாள்.

கடைசியில், பதிவைத் திருத்த மனுப் போட்டுத்தான் வைப்போம் என்று போட்டாள். முடிவெடுத்துப் போட்டாள் என்று சொல்லமுடியாது. ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்க முடியாமல் போட்டாள். கர்ப்ப காலத்தில் சுகாதார நிலையத்தில் கொடுத்த அட்டை, பிள்ளைக்குத் தடுப்பூசி போட்ட அட்டை எல்லாம் இணைத்திருந்தாள். பொன்னேரி தாலுகா ஆபீஸில் விசாரணை என்று தேதி வந்தது. பெற்றவள் வரவேண்டும். தாய் என்று பதிவாகியிருக்கிறவள் வரவேண்டும். அன்றைக்குப் பெயர் சொன்ன பரசுராமன் வரவேண்டும். பிள்ளையும் வரவேண்டும்.

கன்னியம்மா இப்போது நாற்று நடப் போவதில்லை. காலனிப் பெண்களில் பாதிப்பேரைக் கம்பெனி வண்டிகள் அள்ளிக்கொண்டுபோய் வருடக்கணக்காகிவிட்டது. அவளுக்கு சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் வேலை. காயத்ரி போனபோது அவள் அப்போதுதான் வண்டியிலிருந்து இறங்கி, வாசல் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். காயத்ரி விஷயத்தைச் சொன்னாள்.

"புள்ள எனுது இல்லன்னு ஆபீசர்கிட்ட சொல்லணும். அதானே?"

"ஆமாக்கா."

"உள்ளதுதானே. சொல்றதுக்கு இன்னா?" என்ற கன்னியம்மா, கொஞ்சம் யோசித்துவிட்டுத் தொடர்ந்தாள். "ஆனா ஒண்ணு எம்மா. நான் இல்லன்னு சொல்லி எழுதிக்குடுத்துட்டேன்னு வையி. நாளைக்கே புள்ளைக்கி ஒரு காய்ச்சல், ஒரு வாந்தின்னா, உங்க மாமனாரு யார சொல்வாரு? கன்னியம்மா கைவுட்டா, அதான் இப்டி ஆச்சின்னு என்னியத்தான் சொல்வாரு. ஊரும் அதத்தான் சொல்லும். எனக்கு அந்தப் பேஜாரு வேணாம்."

"அப்படியெல்லாம் சொல்லமாட்டாருக்கா."

"நீ சொல்லாத. அவுரு சொல்லட்டும்."

நியாயம்தானே? பிள்ளையைக் காப்பாற்ற அவள் மடி வேண்டியிருந்தது, அவள் பெயர் வேண்டியிருந்தது. பதினோரு வருடத்தில் ஒரு நாளாவது உள்ளே வந்து உட்கார் என்று அந்த வீடு அவளிடம் சொன்னதுண்டா? பொங்கலுக்குப் பொங்கல் ஒரு புடவை, அதுவும் வாசற்படிக்கு வெளியில் வைத்து. அரசாங்கப் பதிவின்படி அந்த வீட்டுப் பேத்திக்குத் தாய் அவள், நிற்கிற இடமோ கேட்டுக்கு வெளியில். காயத்ரிக்கு இதெல்லாம் அன்றைக்குத்தான் புதிதாகத் தெரிந்த மாதிரி முகம் சுட்டது. எழுந்து வந்துவிட்டாள்.

மாமனார் அசையவில்லை. ஆபீஸுக்கு வரமாட்டேன், வந்தாலும் வாயைத் திறக்கமாட்டேன் என்றார். விசாரணைக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. காயத்ரி, கன்னியம்மாவைப் பார்த்து இது ஆகிற மாதிரி இல்லையக்கா என்று சொல்லிவிட்டு வரத்தான் போனாள். கன்னியம்மா கேட்டுவிட்டுத் தலையை முடிந்துகொண்டு கிளம்பிவிட்டாள். காயத்ரிதான் அவள் பின்னால் ஓடவேண்டியிருந்தது.

வீட்டுக் கேட்டருகே வந்து நின்று, "நைனா" என்று கன்னியம்மா கூப்பிட்டாள். பரசுராமன் பல்குச்சியோடு வெளியே வந்தார்.

"அன்னிக்கி தவுடு குடுத்து புள்ளைய வாங்கினது யாரு?"

"நீதான். அதுக்கின்னா இப்போ?"

"காசு கேக்க வரல, பயப்படாத. வாங்கினவ நானு. இத்தினி வருசமா புள்ள எனுதுன்னு நீதான் சொல்லிக்கினு கீற. சரி, எனுதுதான். எம்புள்ளைய எங்க அனுப்பணும்னு நான் சொல்லலாமா கூடாதா?"

பரசுராமன் பல்குச்சியை வாயிலிருந்து எடுத்தார்.

"அது அவுங்க அம்மாகூட போவட்டும். அவுங்க அப்பாகிட்ட போவட்டும். பெத்தவங்க ரெண்டு பேரும் உசுரோட இருக்கறப்போ அத்த இங்க கட்டி வெக்க நீ யாரு நைனா? தவுட்டுக்கு வித்துட்டவன்தானே நீ?"

அவர் போட்ட சட்டத்தாலேயே அவரை அடித்துவிட்டாள். வழக்கம் பொய் என்று யாராவது சொல்லியிருந்தால் நாள் முழுக்க மல்லுக்கு நின்றிருப்பார். வழக்கம் மெய்தான், அதனால்தான் சொல்கிறேன் என்றவளிடம் என்ன பேசுவது? பல்குச்சியைத் தெருவில் எறிந்தார். "காலையில எத்தினி மணிக்கு?" என்று மருமகளைக் கேட்டார்.

"நாளைக்கி இன்னா ஆனாலும் என்னிய சொல்லக்கூடாது" என்றாள் கன்னியம்மா.

"சொல்லமாட்டேன்."

"புள்ள காதுல உழுற மாதிரி சொல்லு."

"சொல்லமாட்டேன் கன்னியம்மா" என்று அவர் சத்தமாகச் சொன்னார். தேஜு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளை யாரும் கவனிக்கவில்லை. அந்த இரண்டு மாதமும் அவளை யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் உண்மை. கடிதத்தைக் கவனித்தார்கள், ரெஜிஸ்டரைக் கவனித்தார்கள், தேதியைக் கவனித்தார்கள்.

தாலுகா ஆபீஸில் பதினொரு மணிக்குக் கூப்பிட்டார்கள். விசாரித்தவர் ஆதிநாராயணன் என்று ஒரு அதிகாரி, ஓய்வுபெறுகிற வயது, சத்தம் போடாமல் பேசுகிறவர். கன்னியம்மா சொன்னாள்: நான் பெற்றது நாலு, இது இல்லை. பரசுராமன் சொன்னார்: நான்தான் அந்தப் பெயரைச் சொன்னேன். ஏன் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, அவர் தவிட்டுக் கதையைச் சொன்னார். அதிகாரி சிரிக்கவில்லை. "எங்க பக்கத்துலயும் உண்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுதிக்கொண்டார். காயத்ரிக்கு மூச்சு கொஞ்சம் இலேசானது. எல்லாம் நேராகப் போகிறதே என்று அதற்கும் ஒரு பயம் வந்தது.

அதிகாரி அட்டைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பிள்ளையின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. இங்க இருக்கறவங்கள்ல உங்க அம்மா யாரு?"

தேஜு தாத்தாவைப் பார்த்தாள்.

"பயப்படாத. இவங்க யாரு?" என்று காயத்ரியைக் காட்டினார்.

"அக்கா" என்றாள் தேஜு.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "அது பழக்கத்துல வர்றதுங்க ஐயா" என்று பரசுராமன் குறுக்கே வந்தார். அவரைக் கையமர்த்திவிட்டு அதிகாரி மறுபடி கேட்டார். "கூப்பிடறது எப்படி வேணா கூப்பிடும்மா. உங்க அம்மா யாருன்னு கேக்கறேன்."

தேஜு ஒரு நிமிஷம் எல்லோரையும் பார்த்தாள். பிறகு கன்னியம்மாவைக் காட்டினாள்.

காயத்ரிக்குக் காதில் ஒன்றும் விழவில்லை. மேலே சுற்றுகிற மின்விசிறியின் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது. பிள்ளைக்குத் தெரியாதா? ஐந்து வயதிலேயே தெரியும். யாரும் உட்காரவைத்துச் சொல்லாவிட்டாலும் வீட்டில் வளர்கிற பிள்ளைக்குத் தெரியாமலா இருக்கும்? பின்னே ஏன் இப்படி? கனடா வேண்டாமா? அப்பாவைப் பார்க்க வேண்டாமா? இல்லை, இவள்தான் வேண்டாமா? அதிகாரி கோபப்படவில்லை. "பத்து நிமிஷம் வெளியில கூட்டிட்டுப் போங்க. நான் அடுத்தத பாக்கறேன். ஆனா கொழந்தையே இப்படிச் சொல்லுதுன்னா நான் எழுதி அனுப்ப முடியாதும்மா" என்றார்.

வராந்தாவில், முத்திரைத்தாள் எழுதுகிறவர்களைத் தாண்டி, சைக்கிள் நிறுத்துகிற இடத்துக்கு காயத்ரி மகளை இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏன் தேஜு அப்டி சொன்ன?"

தேஜு கையை விடுவித்துக்கொண்டாள்.

"ஏன்டி? அப்பாகிட்ட போவேணாமா நமக்கு?"

"நீ போ அக்கா" என்றாள் தேஜு. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் தாத்தாகிட்ட இருந்துக்கறேன். நீ போய்ட்டு வா."

"நீ இல்லாம நான் ஏன் போறேன்?"

"உன்ன அம்மான்னு சொன்னா நான் செத்துடுவேன்ல. செத்துட்டா அப்பறம் நீ யார கூட்டிகினு போவ?"

காயத்ரி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒன்றாம் வகுப்புப் படிக்கும்போது, பள்ளிக்கூடத்தில் எல்லாரும் கூப்பிடுகிறார்களே என்று தேஜு வீட்டில் வந்து அம்மா என்று கூப்பிட வாயெடுத்தாளாம். தாத்தா வாயைப் பொத்தி, கூப்பிட்டால் என்ன ஆகுமென்று சொன்னாராம். இரண்டு அண்ணன்கள் போன கதையையும் சொன்னாராம். அதைத் தேஜு கணக்கு ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். பழகின விஷயத்தைச் சொல்கிற குரல். ஆறு வருடமாகத் தனியாக அதை வைத்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறாள், தூங்கியிருக்கிறாள், பரீட்சை எழுதியிருக்கிறாள். இப்போது தான் பிழைக்க ஒரு வழி, அம்மா போக ஒரு வழி என்று தானாகவே பிரித்தும் வைத்திருக்கிறாள். அன்புசெல்வன் சொன்ன யோசனையும் அதுதானே, அதையே பிள்ளையும் சொல்கிறதே என்று காயத்ரிக்கு உறைத்தது.

அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. நம்பாததைச் சொன்னால் இந்தப் பிள்ளை கண்டுபிடித்துவிடும்.

"எனக்கும் பயமா கீது தேஜு" என்றாள்.

தேஜு நிமிர்ந்து பார்த்தாள். பெரியவர்கள் யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை.

"எனக்கு ஒண்ணும் புரியல. ரெண்டு மாசமா புரியல. காயிதத்துல எம்பேரு ஏறினா இன்னாவாச்சும் ஆயிடுமோன்னு எனக்கும் பயம்தான். ஆவாதுன்னு படிச்சிக்கீறேன். படிச்சும் பயமாதான் கீது." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா உன்ன உட்டுட்டு போவமாட்டேன். நீ சொல்லலைன்னா ஆபீசர் எழுதமாட்டாரு. அப்ப நானும் இங்கியே இருந்துடறேன். உங்க அப்பா அங்கியே இருக்கட்டும். இது உன் இஷ்டம். சொல்றதுன்னா, ரெண்டு பேரும் ஒண்ணா பயந்துகினே சொல்லலாம்."

"அப்பா தனியா இருப்பாரா?"

"ம்."

"எத்தினி வருசம்?"

"தெரியல."

தேஜு சைக்கிள் மணியொன்றை விரலால் தடவிக்கொண்டே நின்றாள். அடிக்கவில்லை. பிறகு காயத்ரியின் கையைப் பிடித்து எழுப்பிவிட்டாள். இரண்டு பேரும் திரும்ப உள்ளே போனார்கள். வராந்தாவில் நின்றுகொண்டிருந்த பரசுராமன் ஏதோ சொல்ல வந்தார். கன்னியம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். அவள் அவரைத் தொட்டது அதுதான் முதல்தடவை, அவரும் கையை உதறவில்லை.

அதிகாரி கையிலிருந்த கோப்பை மூடிவிட்டு இவர்களுடையதை எடுத்தார். "இன்னாம்மா, யோசிச்சிட்டியா? இவங்க யாரு?"

தேஜு காயத்ரியின் கையை நெரித்துவிடுகிற மாதிரி பிடித்துக்கொண்டாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். தோள் இரண்டும் காதுவரைக்கும் ஏறியிருந்தது.

"அம்மா" என்றாள்.

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள், கண்ணைத் திறக்காமல், மூச்சும் விடாமல். காயத்ரியும் மூச்சு விடவில்லை. வேண்டாமென்று நினைத்தும் மனசு தானாக எண்ணியது. ஒன்று, இரண்டு, மூன்று. அதிகாரி குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். யாரோ தேநீர் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார்கள். வெளியே ரயில் ஒன்று கும்மிடிப்பூண்டிப் பக்கமாகப் போகிற சத்தம் கேட்டுத் தேய்ந்தது. அதிகாரி எழுதி முடித்து, தாளைத் திருப்பி, காயத்ரியிடம் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தைக் காட்டினார். காயத்ரி ஒரு கையாலேயே கையெழுத்துப் போட்டாள். இன்னொரு கையை மகள் விடவில்லை.

தேஜு மெல்ல ஒரு கண்ணைத் திறந்தாள். அறையைப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள், அப்புறம் இன்னொரு கண்ணையும் திறந்தாள்.

"இன்னொரு வாட்டி சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

"ஒரு வாட்டி போதும்மா, எழுதியாச்சி" என்றார் அதிகாரி.

அவள் கேட்டது அவரை இல்லை.